பிராகில் இரண்டு நாள்: சார்லஸ் பாலத்துக்கு எப்போது போகலாம்?

கேள்வி:
அக்டோபரில் இரண்டு நாள் செக் நாட்டுத் தலைநகர் பிராகில் இருப்பேன். சார்லஸ் பாலத்தில் நிற்கவே இடம் கிடைக்காதாமே, உண்மையா?

பதில் 1:
பகலில் உண்மைதான். நான் காலை ஆறரை மணிக்கே போய்விட்டேன். இருட்டு, வல்தாவா ஆற்றின் மேல் பனிமூட்டம், துணைக்கு ஒரு புகைப்படக்காரர் மட்டும். 1357-இல் மன்னர் நான்காம் சார்லஸ் தொடங்கிவைத்த பாலம் அது. 30 சிலைகளில் பல இப்போது நகல்கள் என்று பிறகுதான் தெரிந்தது, கொஞ்சம் ஏமாற்றம். புனிதராகப் போற்றப்படும் பாதிரியார் நெபோமுக் ஜானின் சிலையடியில் உள்ள வெண்கலத் தகட்டை மட்டும் பாருங்கள், தொட்டுத் தொட்டே பளபளவென்று ஆகியிருக்கிறது. 1393-இல் அவர் உடலை வீசியது இதே ஆற்றில்தான்.

பதில் 2:
பழைய நகரச் சதுக்கத்தில் உள்ள 1410-ஆம் ஆண்டு வானியல் கடிகாரத்தில் அப்போஸ்தலர் பொம்மைகள் சட்டென்று வந்து போய்விடும். அதற்காகக் கூட்டத்தில் இடிபடாதீர்கள். சூரியன் மறைவதிலிருந்து மணி எண்ணும் பழைய பொஹீமிய (செக் நாட்டு) நேரத்தையும் அது காட்டும்; அதைத்தான் நான் ரசித்தேன்.

கேள்வி கேட்டவர்:
சரி, அலாரம் வைத்தாயிற்று. பிராக் கோட்டைக்கு எப்படிப் போவது?

பதில் 1:
22-ஆம் எண் டிராம். காகித டிக்கெட் என்றால் ஏறியதும் இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள். நான் மறந்து அபராதம் கட்டினேன்.