பியூகிள், ரெவலி: தமிழில் என்ன சொல்லலாம்?

டிரம்பெட்டை எக்காளம் என்கிறோம்; படைமுகாமில் ஊதும் பியூகிளுக்கும் அதே சொல் போதும் என்ற நண்பரின் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. காரணத்தை ஒரு பாட்டை வைத்தே சொல்கிறேன்.

ஆண்ட்ரூஸ் சகோதரிகள் மூவரும் 1941-இல் பாடிய 'பூகி வூகி பியூகிள் பாய்' பாட்டின் நாயகன், சிக்காகோ பக்கம் பேர்பெற்ற டிரம்பெட் கலைஞன். 1940 செப்டம்பரில் அமெரிக்காவில் கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டம் வந்திருந்தது. அவனுக்கும் அழைப்பு வருகிறது. படையில் அவனுக்கு வாய்த்த வேலை, விடியற்காலையில் பியூகிளில் 'ரெவலி' என்ற அழைப்பை ஊதி வீரர்களை எழுப்புவது.

இரண்டு கருவியையும் எக்காளம் என்றே எழுதினால் அவன் எதை இழந்தான் என்பது வாசகருக்குப் புரியாது. டிரம்பெட்டில் மூன்று வால்வுகள் உண்டு; விரல்கள் அழுத்த அழுத்த எல்லாச் சுரங்களும் வரும். படைப் பியூகிளில் வால்வே கிடையாது. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் ஒரே குழாயிலிருந்து இயல்பாக எழும் சில சுரங்களை மட்டுமே பெறலாம். படை அழைப்புகள் பெரும்பாலும் நம் ச, க, ப என்ற மூன்றுக்குள் அடங்கிவிடும். கிட்டாரும் பேஸும் துணைக்கு இல்லாமல் அவன் வாடுவதைக் கண்ட கேப்டன், மறுநாளே ஒரு வாத்தியக் குழுவைப் படையில் சேர்த்துவிடுகிறார்.

டிரம்பெட்டுக்கு எக்காளம் இருக்கட்டும். பியூகிளுக்குப் 'பாசறைக்கொம்பு' என்பது என் பரிந்துரை. நம் கொம்பிலும் வால்வு இல்லை. கோயில் திருவிழாவில் கொம்பு ஊதுபவரின் கன்னம் உப்புவதையும் உதடு இறுகுவதையும் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம். பூகி வூகி ஓர் இசைவகையின் பெயர். கஜல் போல அப்படியே விட்டுவிடலாம்.

ரெவலிக்குப் புதுச்சொல் படைக்கவே தேவையில்லை. தொல்காப்பியப் புறத்திணையியலில் 'சூதர் ஏத்திய துயிலெடை நிலை' இருக்கிறது. சூதர் என்போர் அரசரைப் புகழ்ந்து பாடுவோர். பாசறையில் துயின்ற வேந்தரை எழுப்புவது என்றே நச்சினார்க்கினியர் அதற்கு உரை சொல்கிறார். படை, பாசறை, விடியல், இசை நான்கும் ஒரே சொல்லில் கிடைக்கும்போது 'காலை எழுப்பொலி' என்று ஏன் திணற வேண்டும்? பள்ளியெழுச்சி இறைவனுக்கு உரியதாகிவிட்டது. அதைப் படைமுகாமுக்கு இழுக்க எனக்கு மனம் வரவில்லை.

'எடை' என்றதும் தராசு நினைவுக்கு வரும் என்பீர்கள். துயிலை எடுப்பது துயிலெடை. தொடரில் வைத்தால் குழப்பம் வராது. எழுதிப் பார்த்தேன்: "சிக்காகோ எக்காளக் கலைஞன் பாசறைக்கொம்பில் துயிலெடை ஊதினான்; படையணி முழுவதும் துள்ளி எழுந்தது."