புதுப்பிப்பு: என்ஏடி டிரிப் போட்டுக்கொண்டேன்

"நாற்பது வயதுச் சோர்வுக்கு என்ஏடி பிளஸ் டிரிப் போடலாமா?" என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். தெம்பு வரும், முதுமை தள்ளிப்போகும் என்று சொல்லி நரம்பு வழியாக ஏற்றும் சொட்டு மருந்து அது. பாதிப் பேர் வேண்டாம் என்றீர்கள். கேட்கவில்லை, ஒரு கிளினிக்குக்குப் போய்விட்டேன்.

500 மில்லிகிராம், மூன்று மணி நேரம். முதல் அரை மணியிலேயே நெஞ்சை அழுத்தியது, குமட்டியது. பயந்துபோய்க் கூப்பிட்டதும் நர்ஸ் சொட்டு வேகத்தைக் குறைத்தார். கொஞ்ச நேரத்தில் அடங்கியது. வேகமாக ஏற்றினால் இப்படித்தான் ஆகுமாம். அதை முன்பே சொல்லித் தொலைத்திருக்கலாம்!

பிறகு குடும்ப டாக்டரிடம் திட்டு வாங்கினேன். அவர் சொன்னது இதுதான்: என்ஏடி என்பது 1906-இல் ஈஸ்ட் நொதித்தலை ஆராய்ந்தபோது தெரியவந்த துணைநொதி, அதாவது உடம்பில் நொதிகள் வேலை செய்ய உதவும் பொருள். வைட்டமின் பி3-இலிருந்து உடம்பே அதைச் செய்துகொள்கிறது. வேர்க்கடலையிலும் மீனிலும் பி3 இருக்கிறது. நரம்பில் ஏற்றும் மூலக்கூறு பெரியது, பெரும்பாலும் உடைந்த பிறகுதான் செல்லுக்குள் போகும். முதுமையைத் தள்ளிப்போட என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதற்கு ஒப்புதல் தரவில்லை.

சோர்வு? இரண்டு நாள் தெம்பாக இருந்தேன். மூன்று மணி நேரம் போனைத் தொடாமல் படுத்திருந்ததாலும் இருக்கலாம். டாக்டர் எழுதிய ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.4 தான், குறைவு. இப்போது இரும்புச்சத்து மாத்திரை. மீதி மூன்று டிரிப்புக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டால், "மேனேஜரிடம் பேசிச் சொல்கிறோம் மேடம்" என்கிறார்கள்.