குளத்துச் சேற்றில் டிடிஇ: தூர் வாரலாமா, பிளாஸ்டிக் சீட் முடிவு வரும்வரை பொறுக்கணுமா?

தோப்புக்காரி:

எங்கள் தோப்பு கோவிந்தாபுரம் செக்போஸ்ட் தாண்டி, முதலமடைப் பஞ்சாயத்தில். மாமரங்களுக்குக் கீழ்ச்சரிவில் நாற்பது சென்ட் குளம். கட்லா, ரோகு விடுகிறோம். மா வைப்பதற்கு முன்னால் இதே மண்ணில் பருத்தி. தாத்தா டிடிடி பூச்சிமருந்துத் தூளைத் துணியில் மூட்டையாகக் கட்டி, செடிமேல் தட்டிக்கொண்டே போவாராம். அம்மா சொல்லுவார்.

தண்ணீர் இறங்கியதும் ஜேசிபி வைத்துத் தூர் வாரி, வண்டலைத் தென்னைக்குப் போட நினைத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று சேற்றைக் கோவையில் சோதிக்கக் கொடுத்தேன். காய்ந்த சேறு ஒரு கிலோவுக்கு டிடிஇ, அதாவது பழைய டிடிடி சிதைந்து மிஞ்சும் பொருள், 64 மைக்ரோகிராம். 31-ஐத் தாண்டினாலே ஆபத்து என்று தம்பி மகன் நெட்டில் பார்த்துச் சொல்ல, எனக்கு இரண்டு நாள் தூக்கம் போச்சு.

அப்புறம் ஆராய்ச்சிக்கு வந்த ஒரு பெண், ஸ்டீல் சட்டத்தில் பிளாஸ்டிக் சீட்டை மாட்டி, பாதி சேற்றுக்குள்ளும் பாதி தண்ணீரிலும் நிற்கும்படி குத்திவிட்டுப் போனாள். பார்த்தால் நம் மளிகைக்கடைக் கவர் மாதிரிதான் இருக்கிறது. “ஒரு மாசம் தொடாதீங்க சேச்சி” என்றாள். சேற்றையே சோதித்தாச்சு, அதற்கு மேல் இந்தக் கவருக்கு என்ன தெரியும்? அதுவரை ஜேசிபியை நிறுத்தணுமா?

லேப் தம்பி:

அக்கா, ஜேசிபியை நிறுத்துங்கள். காரணம் சொல்கிறேன்.

ஃபிரிட்ஜில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் கருவாடு வைத்துப் பார்த்திருப்பீர்கள். இறுக மூடிய டப்பாவில் ஒரு கிலோ இருந்தாலும் வெண்ணெய்க்கு ஒன்றும் ஆகாது. திறந்த தட்டில் நாலு துண்டு இருந்தால் போதும், வெண்ணெயைத் தூக்கித்தான் போடணும். சேற்றுச் சோதனை டப்பாவுக்குள் எவ்வளவு கருவாடு என்று எடை போடுகிறது. அந்த பாலிஎத்திலீன் சீட்தான் வெண்ணெய். கரைந்து வெளியே வரும் டிடிஇ மட்டும்தான் அதில் ஏறும். மீனின் கொழுப்பிலும் புழுவின் உடம்பிலும் ஏறுவது அதே பங்குதான்.

சீட்டுக்கு டிடிஇ மேல் அவ்வளவு மோகம்: தண்ணீரில் இருப்பதைப்போல் சுமார் பத்து லட்சம் மடங்கு சேர்த்துக்கொள்ளும். ஒரு கிராம் சீட்டில் 50 நானோகிராம் என்றால், தண்ணீரில் லிட்டருக்கு 0.05 நானோகிராம். வாளியில் தண்ணீர் மொண்டு வந்து இதைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

தம்பி மகன் சொன்ன 31, வட அமெரிக்க நன்னீர்ச் சேறுகளுக்காக 2000-இல் தொகுத்த அளவு. அடிச்சேற்றில் வாழும் உயிர்களுக்கானது, மீன் சாப்பிடும் நமக்கல்ல. அதுவும் மொத்த அளவைத்தான் பார்க்கும்.

ஒன்று கேட்கணும். பக்கத்தில் தொட்டிக்கரி, அதான் தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுடும் இடம் ஏதாவது இருந்ததா?

தோப்புக்காரி:

எப்படித் தெரியும்? மேல் தோட்டத்தில் பத்து வருஷம் முன்புவரை கரிக்குழி இருந்தது. மழை பெய்தால் கருந்தண்ணீர் நேராக எங்கள் குளத்துக்குத்தான் வரும். அதற்கே பெரிய சண்டை போட்டிருக்கிறோம்.

மீனாட்சிபுரத்தார்:

எதுக்குங்க இவ்வளவு? நாலு மீனைப் பிடித்து லேபில் கொடுத்தால் முடிந்தது. தின்பது மீனைத்தானே, சீட்டையா?

லேப் தம்பி:

சாப்பிடலாமா என்ற கேள்விக்கு ஐயா சொல்வதுதான் சரி, மீனைத்தான் சோதிக்கணும். ஆனால் அக்கா கேட்டது தூர் வாரலாமா என்று. அதை மீன் சொல்லாது. சேற்றுக்குள் இருக்கும் பாதிச் சீட்டையும் தண்ணீரில் இருக்கும் பாதியையும் தனித்தனியாக அளந்தால், டிடிஇ சேற்றிலிருந்து மேலே வருகிறதா, சும்மா கிடக்கிறதா என்று தெரியும்.

கரி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சண்டை நியாயம்தான், ஆனாலும் அந்தக் கரித்தூள் டிடிஇயை இறுகப் பிடித்து வைத்திருக்க வாய்ப்பு உண்டு. சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஹன்டர்ஸ் பாயிண்ட் என்ற பழைய கடற்படைத் தளத்துச் சேற்றில், டிடிஇ மாதிரியே கொழுப்பில் ஏறும் பிசிபி என்ற நஞ்சைக் கட்டிப்போட, வேண்டுமென்றே ஆக்டிவேட்டட் கார்பன் என்ற கரித்தூளைக் கலந்து பார்த்தார்கள். உங்களுக்கு மழை இலவசமாகக் கொண்டுவந்து போட்டிருக்கலாம். சீட்டில் கம்மியாக வந்தால் அதுதான் சங்கதி. அதைப் போய்க் கிளறி, கரைந்து வரும் சேற்றை மீனுக்கு நடுவில் விடணுமா?

அந்தப் பெண்ணிடம் இரண்டு கேளுங்கள். சீட்டில் முன்கூட்டியே அடையாளப் பொருள் ஏற்றினாளா? அது எவ்வளவு வெளியேறியிருக்கிறது என்று பார்த்துத்தான் ஒரு மாதத்தில் சீட் எவ்வளவு தூரம் நிறைந்தது என்று கணக்கிட முடியும். டிடிஇ மெதுவாக ஏறும் சரக்கு. அடுத்தது, குளத்தில் இறக்காத வெறும் சீட் ஒன்றைக் கரையில் திறந்து மூடி எடுத்துப் போனாளா? நான் ஒருமுறை ஓடும் டீசல் மோட்டாருக்குப் பக்கத்தில் நின்று சீட்டைப் பிரித்தேன். வெறும் சீட்டிலேயே புகைச் சரக்கு ஏறி, முழு வேலையும் வீண்.

வாளையார் வாசகர்:

எங்கள் பக்கம் கிணற்றில் ஈயம் இருக்குமோ என்று பயம். இதே சீட் போட்டுப் பார்க்கலாமா?

லேப் தம்பி:

உலோகம் இதில் ஏறாது. அதற்கு டிஜிடி என்ற சின்ன வட்ட டப்பி, உள்ளே கூழும் பிசினும் இருக்கும். இங்கிலாந்தின் லங்காஸ்டரில் 1994-இல் வந்தது. ஆனால் அதுவும் கரைந்து நடமாடும் பங்கைத்தான் காட்டும். குடிநீர் அளவு, அதாவது ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், மொத்தத்துக்கானது. கிணற்றுக்குச் சாதாரணத் தண்ணீர்ச் சோதனையே போதும்.

தோப்புக்காரி:

போன் போட்டேன். அடையாளப் பொருள் ஏற்றியிருக்கிறாளாம், வெறும் சீட்டும் எடுத்திருக்கிறாளாம். இன்னும் 17 நாள். சட்டத்தின்மேல் மீன்கொத்தி வந்து உட்காருகிறது, விரட்டணுமா என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டாள்.

ஜேசிபிக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தரமாட்டேன் என்கிறார். சரி, வண்டித்தடத்தையாவது நிரவித் தரச் சொல்லிவிட்டேன். ரோகு நாலு பிடித்து ஐஸில் வைத்திருக்கிறேன். லேப் தம்பி, முழு மீனாகக் கொடுப்பதா, சதையை மட்டுமா?

லேப் தம்பி:

நீங்கள் சமைக்கிற மாதிரியே அக்கா. தலைக்குழம்பு வைப்பீர்கள் என்றால் தலையோடு கொடுங்கள்.