ஞாயிறு ஆராதனைப் பாட்டு, கச்சேரி இரண்டையும் ஒரே பாடகர் குழு தாங்குமா?

பாடல்_பொறுப்பு:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சபையின் பாடகர் குழு இந்த ஆண்டு என் பொறுப்பில் வந்திருக்கிறது. ஆட்வென்ட் (கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு வாரம்) தொடங்கி பெந்தெகொஸ்தே (ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் திருநாள்) வரை ஒரு முழு இசைப் பருவமாக நடத்தலாம் என்று போதகர் சொல்கிறார். கிறிஸ்துமஸுக்கு ஒரு கச்சேரி, பெரிய வெள்ளிக்கு ஒன்று, ஈஸ்டருக்குப் பிறகு ஒன்று. எனக்கும் ரொம்ப ஆசை. ஆனால் மொத்தமே 25 பேர்தான், அதில் டெனர் (ஆண்களின் மேல்குரல்) 3 பேர், வாரத்துக்கு ஒரே ஒரு ஒத்திகை. குழுவில் பாதிப் பேர் இசையமைப்பாளர் ஹேண்டலின் ‘மெசையா’ என்ற நீண்ட இசைப்படைப்பை கிறிஸ்துமஸுக்கு முழுதாகப் பாட வேண்டும் என்று நிற்கிறார்கள். அதை எடுத்தால் ஒத்திகை நேரம் முழுவதையும் அதுவே தின்றுவிடும், ஞாயிறு காலை சபையோடு சேர்ந்து பாட வேண்டிய பாட்டுகள் அரைகுறையாகத்தான் நிற்கும். அதை என்னால் ஏற்க முடியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் எப்படித் திட்டமிடுகிறீர்கள்?

ஆர்கன்_பெஞ்ச்:
உங்கள் கவலை நியாயமானது. ஆனால் கச்சேரி தனி, ஆராதனை தனி என்று பிரித்து வைத்தால்தான் இந்தச் சிக்கலே வருகிறது. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதிய ‘கிறிஸ்துமஸ் ஆரட்டோரியோ’வை இப்போது எல்லோரும் ஒரே மாலையில் கச்சேரியாகக் கேட்கிறோம், ஆனால் அது அப்படிப் பிறந்தது அல்ல. 6 பகுதிகள், 6 நாட்கள். 1734 டிசம்பர் 25, 26, 27, பிறகு 1735 ஜனவரி 1, 2, 6 என்று ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆலயங்களில் அந்தந்த நாளின் ஆராதனையில் ஒவ்வொன்றாகப் பாடினார்கள். பல இடங்களில் பாக் தான் முன்பே எழுதி வைத்திருந்த இசைக்கு வேறு வரிகள் போட்டுத்தான் இதை அமைத்தார். அதையேதான் உங்களுக்கும் சொல்கிறேன். ஆட்வென்ட் ஞாயிறுகளில் வாரம் ஒரு பாட்டாகப் பாடிப் பழகுங்கள், டிசம்பர் கடைசியில் அவற்றையே வேதபாடங்களோடு கோர்த்தால் கச்சேரி தானாக நிற்கும்.

இன்னொன்று, இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. அந்தக் காலத்து லைப்சிக்கில் ஆட்வென்ட்டின் முதல் ஞாயிறுக்குப் பிறகு கிறிஸ்துமஸ் வரை கான்டாட்டா (ஆராதனையில் குழுவும் வாத்தியங்களும் சேர்ந்து பாடும் இசை) கிடையாது. லெந்து (ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம்) நாட்களிலும் பெரும்பாலும் அப்படித்தான். அந்த இடைவெளி இருந்ததால்தான் பெரிய வெள்ளிக்கு கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் அவ்வளவு பெரிய இசையைத் தயார் செய்ய நேரம் கிடைத்திருக்கும். அதனால் உங்கள் அட்டவணையிலும் குழு ஒன்றும் பாடாமல், சபை மட்டும் பாடுகிற ஞாயிறுகளை இப்போதே குறித்து வையுங்கள். கச்சேரி முடிந்த மறுநாள் ஞாயிறு கண்டிப்பாக அதில் ஒன்றாக இருக்கட்டும், தொண்டைக்கு ஓய்வு வேண்டும்.

ஆல்டோ_அக்கா:
மெசையா பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அந்த வாதம் எல்லாக் குழுவிலும் வருகிறது. முழுதாகப் பாடினால் கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம் ஆகும். 25 பேர் கொண்ட குழு அதில் தவித்துப்போகும், வேண்டாம். அது கிறிஸ்துமஸுக்கென்றே எழுதப்பட்டதும் இல்லை. 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளினில், ஈஸ்டர் காலத்தை ஒட்டித்தான் முதலில் அரங்கேறியது. மூன்று பாகங்களில் முதல் பாகம்தான் தீர்க்கதரிசனமும் பிறப்பும். எல்லோரும் காத்திருக்கிற ‘அல்லேலூயா’ கோரஸ் இரண்டாம் பாகத்தின் முடிவில் வருகிறது, அதாவது பாடுகள், உயிர்ப்பு எல்லாம் தாண்டிய பிறகு. அதனால் டிசம்பரில் முதல் பாகத்திலிருந்து இரண்டு மூன்று கோரஸ் மட்டும் எடுங்கள், அல்லேலூயாவை ஈஸ்டருக்கு வையுங்கள். குழுவில் சிலர் முகம் சுளிப்பார்கள்தான், பரவாயில்லை தம்பி. அந்தப் பாட்டுக்கு உரிய இடத்தில் அதைப் பாடும்போது அவர்களே ஒத்துக்கொள்வார்கள்.

பின்வரிசை_பாஸ்:
டெனர் 3 பேர் என்றால் தயவுசெய்து நான்கு குரல் பாட்டையே பிடித்துத் தொங்காதீர்கள். சோப்ரானோ (பெண்களின் மேல்குரல்), ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்), ஆண்குரல் என்று மூன்று பகுதிக்கு எழுதிய நல்ல பாட்டுகள் நிறைய இருக்கின்றன. இல்லையென்றால் டெனர் கத்துவார்கள், பாஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) அடக்கி வாசிக்க வேண்டி வரும், இரண்டும் கேட்கச் சகிக்காது. பெரிய வெள்ளிக்கு ஆங்கில இசையமைப்பாளர் ஸ்டெய்னரின் ‘குரூசிஃபிக்ஷன்’ பாருங்கள், 1887ல் சாதாரணச் சபைக் குழுக்கள் பாடும் அளவிலேயே எழுதினார். ஆர்கன் போதும், வாத்தியக் குழு வேண்டாம். தனிக்குரலுக்கு ஒரு நல்ல டெனரும் ஒரு பாஸும் கிடைக்க வேண்டும், அதை மட்டும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். நடுவில் சபையும் எழுந்து சேர்ந்து பாடுகிற கீதங்கள் வருகின்றன, அதனால் உங்கள் ஞாயிறு கவலைக்கும் அதுவே பதில்.

ஒத்திகை விஷயம். முதல் அரை மணி குரல் பிரிந்து தனித்தனி அறையில், அப்புறம்தான் சேர்ந்து. கடைசி இரண்டு ஒத்திகையாவது ஆலயத்துக்குள்ளேயே வையுங்கள். காலி ஆலயத்தில் எதிரொலி ஓங்கி நிற்கும், ஆட்கள் நிறைந்தால் அது குறைந்து பாட்டு வறண்டதுபோல் ஆகிவிடும், அதற்குப் பழகாத குழு பயந்து வேகமாகப் பாடும். ஆர்கன் இல்லாமல் பாடும் பாட்டில் சுருதி இறங்குகிறது என்றால் பெரும்பாலும் காரணம் களைப்பும் மூச்சும்தான். நீண்ட வரிகளில் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு விடாமல் மாற்றி மாற்றி விடச் சொல்லுங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

பாடல்_பொறுப்பு:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அல்லேலூயாவை ஈஸ்டருக்கு நகர்த்துவது பற்றி நான் யோசித்திருக்கவே இல்லை அக்கா, போதகரிடம் இன்றே பேசுகிறேன். ஒரு கேள்வி மட்டும்: பாட்டின் இசைக்குறிப்பு நோட்டுப் புத்தகம் எல்லோருக்கும் வாங்க நிதி இல்லை, நகலெடுக்கலாமா?

ஆர்கன்_பெஞ்ச்:
ஹேண்டல், ஸ்டெய்னர் எல்லாம் காப்புரிமை முடிந்தவர்கள், ஆனால் இன்றைய பதிப்பகம் புதிதாகத் தொகுத்து அச்சிட்ட பதிப்புக்குத் தனி உரிமை இருக்கலாம், அதை நகலெடுக்காதீர்கள். ஐஎம்எஸ்எல்பி, சிபிடிஎல் என்ற இசைக்குறிப்பு இணையதளங்களில் பழைய பதிப்புகளும் இலவசமாகப் பகிரப்பட்டவையும் கிடைக்கும். ஒவ்வொரு நோட்டின் பக்கத்திலும் உரிமை பற்றி எழுதியிருப்பதைப் படித்துவிட்டு இறக்குங்கள். ஒரே பதிப்பையே எல்லோருக்கும் கொடுங்கள், இல்லையென்றால் ஒத்திகையில் பக்க எண் தேடியே நேரம் போய்விடும்.