பெரிக்காத்தான் (பாஸ், பெர்சத்து கட்சிகளின் கூட்டணி) அலையை முன்கூட்டியே பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? (பாடாங் செராய் தொகுதி, கெடா)

வெட்டுக்காட்டுப் பிள்ளை:
2022 மலேசியப் பொதுத் தேர்தலுக்கு முன்னால் கணிப்புகளில் பெரிக்காத்தான் ஏற ஆரம்பித்திருந்த நேரம். கையுறைத் தொழிற்சாலையில் ஓய்வு வேளை, தெரியாத எண்ணிலிருந்து போன், கருத்துக் கணிப்பு என்றார்கள். என் ஓட்டு அன்வாரின் பக்காத்தான் கூட்டணிக்கு என்று எப்போதோ முடிவு செய்தாகிவிட்டது. ஆனால் பக்கத்தில் கூட வேலை செய்யும் மலாய்ப் பையன் உட்கார்ந்திருந்தான், "இன்னும் முடிவு பண்ணவில்லை" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவன் என்னையே பார்த்தான். "அபாங் (அண்ணே), எனக்கும் போன் வந்தது, நானும் இதையேதான் சொன்னேன், ஆனால் என் ஓட்டு பெரிக்காத்தானுக்கு" என்றான். அவ்வளவுதான், இரண்டு பேரும் வேலைக்குத் திரும்பிவிட்டோம்.

ஒட்டுக்கடை மகள்:
எங்கள் கடைக்கு தினமும் தே தாரிக் குடிக்க வரும் மலாய்ப் பெரியவர், அம்னோ கட்சியின் பழைய ஆள். ஒருநாள் மோட்டார் சைக்கிள் கூடையில் இருந்த, அம்னோ கூட்டணியின் தராசுச் சின்ன ஸ்டிக்கரை ஈர விரலால் தேய்த்துத் தேய்த்து உரித்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் பேரன் டிக்டாக் பார்த்தபடி. எந்தக் கணிப்பும் வேண்டாம், எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

கூலிம் ரோடு:
தங்கச்சி, ஒரு ஸ்டிக்கரை வைத்து அலை என்று சொல்லக் கூடாது. 2018-இல் தேர்தலுக்கு முதல் நாள் மெர்டேக்கா சென்டர் என்ற கணிப்பு நிறுவனம் பாஸ் கட்சிக்கு 2 இடம்தான் என்று கணித்தது, கிடைத்ததோ 18. அன்றைக்கு நானும் அந்த 2-ஐ நம்பி அப்பாவிடம் பந்தயம் கட்டித் தோற்றேன். அதனால் சொல்கிறேன், அடுத்த முறை கணிப்பு வந்தால் முதலில் எந்தத் தேதியில் எடுத்தது என்று பாருங்கள், அப்புறம் "முடிவு செய்யாதவர்" எத்தனை பேர் என்று பாருங்கள், ஏனென்றால் மேலே எழுதியவர் மாதிரி ஆட்கள் எல்லாம் அதற்குள்தான் ஒளிந்திருக்கிறார்கள். வாக்கு விகிதம் வேறு, தொகுதி எண்ணிக்கை வேறு. நாடு முழுக்க வாக்கு பரவிக் கிடந்தால் இடம் வராது, கெடா, கிளந்தான், திரெங்கானு என்று ஒரு பக்கமாகக் குவிந்தால் அள்ளிக்கொண்டு போகும். 18 வயதுப் பிள்ளைகளும் தானியங்கிப் பதிவும் சேர்ந்து வாக்காளர் 1.49 கோடியிலிருந்து 2.1 கோடியாகிவிட்டார்கள், முன்பு ஓட்டே போடாத இத்தனை பேர் எந்தப் பக்கம் போவார்கள் என்று எதை வைத்துக் கணிப்பது?

செம்பனை லயம்:
அண்ணே, தங்கச்சி அலையைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். மற்ற தொகுதிகளில் பெரிக்காத்தான் 73 இடம் எடுத்தது நமக்கெல்லாம் ஓட்டுப் போடும் முன்பே தெரிந்திருந்ததே! நம் பக்காத்தான் வேட்பாளர் கருப்பையா வாக்களிப்புக்கு மூன்று நாள் இருக்கும்போது இறந்து, இங்கே மட்டும் டிசம்பர் 7-க்குத் தள்ளிப்போனது. தம்பி நவம்பர் 19-க்காக சிங்கப்பூரிலிருந்து பஸ் ஏறி வந்தவன். அம்மா அவனுக்குப் புதுச் சட்டை இஸ்திரி போட்டுவைத்திருந்தார். டிசம்பர் 7 புதன்கிழமை, அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்னோ கூட்டணியில் நின்ற ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) வேட்பாளர் விலகி நமக்கு ஆதரவு கொடுத்தும் 16 ஆயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் தோற்றோம். தம்பி ஓட்டு ஒன்றால் எதுவும் மாறியிருக்காது, தெரியும். அந்தச் சட்டை ரொம்ப நாள் ஆணியிலேயே தொங்கியது.

வெட்டுக்காட்டுப் பிள்ளை:
கூலிம் ரோடு அண்ணே, கணிப்பை எப்படிப் படிப்பது என்று நான் கேட்கவில்லை. அந்தப் பையன் இன்னும் என் லைனில்தான் வேலை செய்கிறான். சாப்பாட்டைப் பங்கு போட்டுச் சாப்பிடுகிறோம். அந்த போன் பற்றி மட்டும் இரண்டு பேரும் திரும்பப் பேசவே இல்லை.