புதுப்பிப்பு: முட்டை ஓட்டைக் கீறிய பிறகும் குஞ்சு வெளிவராமல் சாவது

பெங்களூரு மார்ச் வறட்சியில் இன்குபேட்டரில் (அடைகாக்கும் பெட்டி) வைத்த நாட்டுக்கோழிக் குஞ்சுகள் 21ஆம் நாள் ஓட்டைக் கீறிவிட்டு உள்ளேயே சாகின்றன என்று கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. ஈரப்பத மீட்டர் தப்பாகக் காட்டுகிறது, உப்புச் சோதனை செய்து பார் என்று சொன்ன அண்ணன் கணிப்புதான் சரி. பாட்டில் மூடியில் ஈர உப்பு, கூடவே ஈரப்பத மீட்டர், ஜிப் கவரில் 12 மணி நேரம்: ஈர உப்பு மூடிய கவருக்குள் ஈரப்பதத்தை 75 சதவீதத்தில் நிறுத்தும், ஆனால் மீட்டர் 86 காட்டியது! கடைசி மூன்று நாள் 65 என்று நம்பியது நிஜத்தில் 54தான். ஓட்டுக்கு உள்ளே இருக்கும் சவ்வு காய்ந்து குஞ்சைச் சுற்றி இறுகிவிட்டது.

இம்முறை ஃபேன் வைத்த பெட்டியில் 37.5 டிகிரி, 18ஆம் நாள் வரை நிஜ ஈரப்பதம் 45–50; பிறகு முட்டை திருப்புவதை நிறுத்தி 68. தண்ணீரை ஆழமாக ஊற்றிப் பயனில்லை, பரப்புதான் முக்கியம். அகலத் தட்டில் ஸ்பாஞ்ச் போட்டதும் ஏறியது. 24க்கு 19 பொரிந்தன.

எதிர்பாராதது: முதல் குஞ்சுகள் ஈரத்தோடு வந்ததும் ஈரப்பதம் தானாக 80க்குப் போனது. பதறி மூடியைத் திறக்காதீர்கள்.