டொரன்டோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: வீட்டுச் செலவை எங்கே பிடிப்பது

ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன் பக்கம் புதிதாகக் குடியேறிய நம் ஆட்கள் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "சம்பளம் வருகிறது, மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை, எதைக் குறைப்பது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

வந்த புதிதில் டாலரை ரூபாயாக மாற்றிப் பார்க்காதவர் யாரும் இல்லை. முருங்கைக்காய் விலையைப் பார்த்து நெஞ்சு பதறும், பிள்ளைக்குத் திராட்சை வாங்கக்கூட இரண்டு முறை யோசிப்போம். அதே வீட்டில் ஜன்னல் இடுக்கு வழியாகவும், துணி உலர்த்தும் நேரத்திலும், வாசலில் போட்ட ஒரு கையெழுத்திலும் அதைவிடப் பல மடங்கு பணம் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும். தயவுசெய்து வயிற்றில் மிச்சம் பிடிக்காதீர்கள். பெரிய பணம் ஹீட்டிங்கிலும் மீட்டரிலும் ஒப்பந்தங்களிலும் இருக்கிறது.

ஹீட்டிங்கில் இருந்து தொடங்குகிறேன். ஊரில் கரண்ட் மிச்சம் என்றால் லைட்டையும் ஃபேனையும் அணைப்பது. இங்கே எல்இடி பல்பு இழுக்கும் கரண்ட் அற்பம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வீட்டைச் சூடாக வைத்திருப்பதுதான் பெரிய செலவு. தெர்மோஸ்டாட்டை விழித்திருக்கும்போது 20 டிகிரியிலும், தூங்கும்போதும் எல்லோரும் வெளியே போயிருக்கும்போதும் 17 டிகிரியிலும் வையுங்கள். ஒரு டிகிரி குறைத்தால் ஹீட்டிங் செலவில் ஏறத்தாழ 2 சதவீதம் குறையும் என்பது இங்கே பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கைக்குழந்தையோ வயதானவர்களோ வீட்டில் இருந்தால் இந்த 17 வேண்டாம், அவர்களுக்கு வசதியான சூட்டிலேயே விட்டுவிடுங்கள்.

அடுத்து காற்று புகும் இடங்கள். குளிர் அதிகமான ஒரு நாளில் ஜன்னல் ஓரத்திலும் வாசற்கதவின் அடியிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள், எங்கே குளிர்கிறதோ அங்கே உங்கள் காசு வெளியே போகிறது. ஜன்னல் சட்டத்தில் ஒட்டும் பிளாஸ்டிக் ஃபிலிம் டாலர் கடைகளிலும் ஹார்ட்வேர் கடைகளிலும் கிடைக்கும். ஓரங்களை ஒட்டிவிட்டு ஹேர் ட்ரையரால் சூடு காட்டினால் சுருங்கி விறைப்பாக நின்றுகொள்ளும். கதவடியில் பழைய துண்டைச் சுருட்டி வைத்தாலே போதும். ஃபர்னஸ் (வீடு முழுவதற்கும் சூடான காற்றை அனுப்பும் மெஷின்) உங்கள் பொறுப்பில் இருந்தால் அதன் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுங்கள். தூசு அடைத்த ஃபில்டரோடு ஓடும் ஃபர்னஸுக்கு வேலை அதிகம், அந்தக் காற்றைத்தான் நாமும் சுவாசிக்கிறோம்.

பேஸ்மென்டில், அதாவது வீட்டின் நிலத்தடித் தளத்தில், வாடகைக்கு இருப்பவர்கள் அறையில் வைக்கும் ஸ்பேஸ் ஹீட்டரை நம்பி வாழ்கிறார்கள். சாதாரண ஹீட்டர் 1500 வாட். இரவு 8 மணி நேரம் ஓடினால் 12 யூனிட், மாதத்துக்கு 360 யூனிட். உங்கள் லீஸில் (வாடகை ஒப்பந்தத்தில்) யுட்டிலிட்டி (கரண்ட், கேஸ், தண்ணீர்ச் செலவு) 30 சதவீதம், 40 சதவீதம் என்று எழுதியிருந்தால் அந்தப் பில்லில் உங்களுக்கும் பங்கு உண்டு. முதலில் வீட்டுக்காரரிடம் பேசுங்கள். டொரன்டோ நகர விதிப்படி, ஹீட்டிங் வீட்டுக்காரர் பொறுப்பில் இருந்தால் குளிர்காலத்தில் குறைந்தது 21 டிகிரி கொடுக்க வேண்டும். அது வராமல் நீங்கள் ஹீட்டர் வாங்கி ஓட்டுவது அவர் செலவை நீங்கள் சுமப்பதுதான். பங்கு போட்டுக் கட்டும்போது ஒவ்வொரு மாதமும் அசல் பில்லைக் காட்டச் சொல்லுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஓவன் கதவைத் திறந்து வைத்து அறையைச் சூடாக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. கேஸ் ஓவன் என்றால் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிருக்கே ஆபத்து. அதை ஒருநாளும் செய்யாதீர்கள்.

கரண்ட் பில்லை இங்கே ஹைட்ரோ பில் என்பார்கள். டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் பெரும்பாலான வீடுகளில் நேரத்துக்கு ஏற்ற விலை. வார நாட்களில் இரவு 7 மணியிலிருந்து காலை 7 மணி வரையிலும், சனி ஞாயிறு, அரசு விடுமுறை நாட்கள் முழுவதும் மலிவு. உச்ச நேரத்தில் விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்த உச்ச நேரம் குளிர்காலத்தில் காலை 7 முதல் 11 வரையும் மாலை 5 முதல் 7 வரையும். மே முதல் அக்டோபர் வரை அது மாறி, காலை 11 முதல் மாலை 5 வரை ஆகிவிடும். ஆகவே துணி துவைப்பது, ட்ரையர், பாத்திர மெஷின் எல்லாம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, அல்லது சனி ஞாயிறில்.

2023ஆம் ஆண்டிலிருந்து இன்னொரு திட்டமும் இருக்கிறது. இரவு 11 முதல் காலை 7 வரை மிக மலிவு, வார நாட்களில் மாலை 4 முதல் இரவு 9 வரை மிக அதிகம். எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களுக்கும் இரவு ஷிப்ட் நேரத்தில் விழித்திருப்பவர்களுக்கும் பொருந்தும். மாலை ஆறு மணிக்குக் குக்கர், தோசைக்கல், பிள்ளைகள், டிவி என்று களைகட்டும் வீட்டுக்கு எலெக்ட்ரிக் அடுப்போடு இது சரிப்படாது. மூன்றாவதாக, நேரம் பார்க்காமல் யூனிட் அளவை மட்டும் பார்க்கும் திட்டமும் உண்டு. பகல் முழுக்க வீட்டில் ஆள் இருக்கும் குடும்பங்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். திட்டம் மாற்றக் கட்டணம் கிடையாது. வருமானம் குறைவாக இருக்கும் குடும்பத்துக்கு ஒன்டாரியோ மின் உதவித் திட்டம் இருக்கிறது. விண்ணப்பித்து ஏற்றுக்கொண்டால் மாதாமாதம் பில்லிலேயே கழித்துவிடுவார்கள். இதைப் பிச்சை போல நினைத்து ஒதுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நம்மைப் போன்றவர்களுக்காகவே வைத்த உதவி, தகுதி இருந்தால் உரிமையோடு கேளுங்கள்.

துணிகளைக் குளிர்ந்த தண்ணீரில் துவையுங்கள், வெந்நீர் தேவைப்படுவது படுக்கை விரிப்புக்கும் கைக்குழந்தைத் துணிக்கும்தான். எலெக்ட்ரிக் ட்ரையர் ஒரு முறை ஓடினால் சுமார் 3 யூனிட். மடிக்கும் ஸ்டாண்டில் காயப்போட்டால் அது மிச்சம். குளிர்காலத்தில் வீட்டுக் காற்று வறண்டு உதடு வெடிக்கும், ஈரத்துணி அதற்கும் நல்லது. ஆனால் பேஸ்மென்டில் வேண்டாம். அங்கே ஏற்கெனவே ஈரம் அதிகம், சுவர் மூலையில் பூஞ்சை பிடித்தால் பிள்ளைகளுக்கு இருமல் வரும். நீங்கள் மிச்சம் பிடித்தது மருந்துக்குப் போய்விடும். சமைக்கும்போதும் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுக்கொள்ளுங்கள், குக்கர் ஆவி முழுவதும் ஜன்னல் கண்ணாடியில்தான் வந்து படிகிறது.

இப்போது நான் அதிகம் கவலைப்படும் விஷயம். யாரோ கதவைத் தட்டி, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, "உங்கள் வாட்டர் ஹீட்டரைச் சோதிக்க வந்திருக்கிறோம், பில்லைக் காட்டுங்கள்" என்பார். அரசாங்கத்து ஆள் என்று நினைத்து நம்மவர்கள் உள்ளே விட்டுவிடுவார்கள். ஒன்டாரியோவில் வீடு வீடாகப் போய்க் கரண்ட், கேஸ் ஒப்பந்தம் விற்பது 2017 ஜனவரியிலிருந்தும், நீங்கள் கூப்பிடாமல் வந்து வாட்டர் ஹீட்டர், ஃபர்னஸ், ஏசி, வாட்டர் ஃபில்டர் ஒப்பந்தம் போடுவது 2018 மார்ச்சிலிருந்தும் தடை. ஆகவே கதவைத் திறக்கவே வேண்டியதில்லை, பில்லைக் கண்ணில் காட்டவும் கூடாது. உண்மையில் தேவைப்பட்டு நீங்களே அழைத்து வீட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டாலும், 10 நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யும் உரிமை இருக்கிறது. வீட்டில் இருக்கும் அப்பா அம்மாவிடம் இதை இன்றைக்கே சொல்லிவையுங்கள். பகலில் தனியாக இருப்பவர்கள் அவர்கள்தான், மரியாதையாகப் பேசுகிறவரை நம்பிவிடுவார்கள்.

வீடு வாங்குகிறவர்கள், இருக்கும் வாட்டர் ஹீட்டர் சொந்தமா வாடகையா என்று வக்கீலிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள், அந்த ஹீட்டரின் மாத வாடகை லீஸில் உங்கள் தலையில் விழுகிறதா என்று பாருங்கள். அப்புறம், லீஸ் போடும்போது கடைசி மாத வாடகையை முன்பணமாக வாங்கலாம். சேதத்துக்கென்று தனி டெபாசிட் வாங்க ஒன்டாரியோ சட்டம் இடம் தரவில்லை. வாடகையை 12 மாதத்துக்கு ஒருமுறைதான் ஏற்றலாம், அதற்கும் 90 நாள் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். ஏற்றும் அளவுக்கு அரசு ஆண்டுதோறும் ஒரு வரம்பு வைக்கிறது. 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடிவந்த வீடுகளுக்கு அந்த வரம்பு பொருந்தாது. புத்தம்புது காண்டோ (அடுக்குமாடி வீடு) பார்க்கும்போது இதை மனதில் வையுங்கள்.

சாப்பாட்டுச் சாமான். பெரிய கடைகளின் ஃப்ளையர் (அந்த வாரத் தள்ளுபடி விலைப் பட்டியல்) வியாழக்கிழமை தொடங்கிப் புதன்கிழமை முடியும். ஃப்ளிப் என்ற ஆப்பில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். நோ ஃப்ரில்ஸ், ஃப்ரெஷ்கோ போன்ற கடைகளில் வேறு கடையின் ஃப்ளையரைக் காட்டினால் அதே விலைக்குத் தருவார்கள், ஒவ்வொரு கடைக்கும் கார் ஓட்ட வேண்டாம். காய்கறிப் பலகையில் பெரிய எழுத்தில் இருப்பது பவுண்டு விலை, அதாவது 454 கிராமுக்கு. கிலோ விலை அடியில் பொடி எழுத்தில் இருக்கும். ஊர்க் கணக்கில் கிலோ என்று நினைத்து எடுத்தால் பில்லில் இரண்டு மடங்குக்கு மேல் வரும்.

பில்லை வாங்கியதும் அங்கேயே நின்று பாருங்கள். தட்டில் ஒட்டிய விலையைவிட ஸ்கேனரில் அதிகம் வந்தால், பல பெரிய கடைகள் ஏற்றுக்கொண்ட ஒரு விதி இருக்கிறது: 10 டாலருக்குள் உள்ள பொருளை இலவசமாகத் தருவார்கள், அதற்கு மேல் என்றால் சரியான விலையில் 10 டாலர் குறைப்பார்கள். கேட்டால்தான் கிடைக்கும். அரிசி, பருப்பு, பால், காய், இறைச்சி போன்ற அடிப்படைச் சாமானுக்கு வரி கிடையாது. சிப்ஸ், சோடா, மிட்டாய்க்கு 13 சதவீதம் வரி சேரும்.

அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், தேங்காய்ப்பால் எல்லாம் ஸ்கார்பரோவில் ஈழத்து ஆட்கள் நடத்தும் கடைகளில் வாங்குங்கள். பெரிய கடைகளில் சின்னப் பாக்கெட்டில் கிடைப்பது இங்கே மூட்டையாகக் கிடைக்கும். கறிவேப்பிலை விலை அதிகம், ஒரு கட்டு வாங்கிக் கழுவி ஈரம் போகத் துடைத்து ஃப்ரீஸரில் போட்டால் நாள்படக் கெடாது. விமானத்தில் வரும் காய்களை வாரம் ஒன்று என்று வைத்துக்கொண்டு, மற்ற நாட்களில் முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், உறைந்த பட்டாணி, உறைந்த கீரை. ஆகஸ்ட், செப்டம்பரில் உள்ளூர்த் தக்காளியும் கத்தரிக்காயும் வரும்போது நிறைய வாங்கித் தொக்காக்கி வைத்துவிடுங்கள். கொஞ்சம் மண் இருந்தால் மே மாதக் கடைசியில், பனி விழும் பயம் போனபிறகு, மிளகாயும் தண்டுக்கீரையும் போடுங்கள். இந்த ஊர்க் கோடையில் கீரை அடர்ந்து வளரும்.

பாலை 4 லிட்டர் பையில் வாங்குங்கள், உள்ளே மூன்று சின்னப் பைகள் இருக்கும், லிட்டருக்குக் கணக்குப் பார்த்தால் அதுதான் மலிவு. தயிரும் இட்லி மாவும் குளிரில் புளிக்கவில்லை என்று கடையில் வாங்குகிறார்கள். ஓவனை ஆன் செய்யாமல் உள்ளே இருக்கும் லைட்டை மட்டும் போட்டு, மாவை இரவில் உள்ளே வைத்துக் கதவை மூடுங்கள். இழையோடும் பழைய வகை பல்பு உள்ள ஓவன் என்றால் அந்தச் சூடே போதும், காலையில் பொங்கியிருக்கும். எல்இடி என்றால் சூடு வராது. அப்போது ஒரு பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீரைப் பக்கத்தில் வையுங்கள்.

சில செலவுகளைக் குறைக்கவே கூடாது. பிள்ளைகளின் குளிர்கால பூட்ஸ், ஜாக்கெட், உங்கள் வாடகைவீட்டு இன்சூரன்ஸ், புகை அலாரம். ஜாக்கெட்டை ஜனவரிக்குப் பிறகு தள்ளுபடியில் அடுத்த ஆண்டுக்கும் சேர்த்து வாங்கலாம், பழைய சாமான் விற்கும் வேல்யூ வில்லேஜ் கடையிலும் நல்ல நிலையில் கிடைக்கும். தெருவோரம் வைத்த மேசை, நாற்காலியை எடுக்கலாம். மெத்தை, சோபா வேண்டாம், மூட்டைப்பூச்சி வந்தால் அதை ஒழிக்கும் செலவு புது சோபாவைவிட அதிகம்.

வருமானம் ஒன்றும் இல்லாவிட்டாலும் ஏப்ரல் 30க்குள் வரிக்கணக்கைத் தாக்கல் செய்யுங்கள். குழந்தைகள் உதவித்தொகை, ஜிஎஸ்டி தொகை, கட்டிய வாடகையையும் கணக்கில் எடுக்கும் ஒன்டாரியோ டிரில்லியம் தொகை எல்லாம் அதை வைத்துத்தான் வரும். வாடகை ரசீது கேளுங்கள், கேட்டால் வீட்டுக்காரர் இலவசமாகத் தர வேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகவே கணக்குப் போட்டுத்தரும் தொண்டர் முகாம்கள் வசந்த காலத்தில் நடக்கும், பக்கத்து நூலகத்தில் விசாரியுங்கள். நூலக அட்டையும் இலவசம்தான், தமிழ்ப் புத்தகங்களும் இருக்கின்றன.

டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்கள் ஃபர்னஸை முழுவதும் அணைத்துவிட்டுப் போகாதீர்கள். குழாயில் தண்ணீர் உறைந்து வெடித்தால் வீடு முழுக்க வெள்ளம். 15 டிகிரியில் வைத்து, முடிந்தால் தண்ணீர் மெயின் வால்வை மூடி, தெரிந்தவரிடம் சாவி கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். யாரும் வந்து பார்க்காத வீட்டில் குழாய் வெடித்தால் பல இன்சூரன்ஸ்கள் பணம் தருவதில்லை. உங்கள் பாலிசியில் எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று போட்டிருக்கிறது எனப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஊரிலிருந்து மிக்சி, கிரைண்டர் கொண்டுவரலாமா என்று கேட்டிருக்கும் தங்கைக்கு: வேண்டாம்மா. இங்கே 120 வோல்ட், ஊரில் 230. டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம்தான், ஆனால் அதற்குக் கொடுக்கும் காசும் பெட்டியில் பிடிக்கும் எடையும் கட்டுப்படியாகாது. இந்த ஊர் வோல்டேஜுக்கு ஏற்ற இந்திய மிக்சியும் கிரைண்டரும் இங்கேயே நம் கடைகளில் விற்கிறார்கள். அந்த எடைக்குப் புளி, வடகம், அம்மா இடித்துக் கொடுக்கும் பொடி வகைகளைக் கொண்டுவாருங்கள்.